குத்தோ சேர்ப்பதும் கிருபையைப் பெறுவதும்: திடப்படுத்தல் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

தல்லா படகு:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். யங்கோனில் ஒரு தமிழ்ச் சபையின் திடப்படுத்தல் வகுப்புக்கு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் வகுப்பு) பாடம் தயாரிக்கிறேன். பிள்ளைகளுக்கு 13 முதல் 16 வயது. பர்மியப் பள்ளியில் படிக்கிறவர்கள். தமிழ் பேசுவார்கள், வேதாகமத் தமிழை வாசிக்கத் திணறுவார்கள். அவர்கள் கேட்கிற கேள்வி இது (குத்தோ என்றால் பர்மிய மொழியில் புண்ணியம்): "பக்கத்து வீட்டுக்காரங்க பிக்குவுக்குச் சோறு போட்டு குத்தோ சேர்க்கிறாங்க. நாம நாற்பது நாள் உபவாசம் இருந்து ஆசீர்வாதம் சேர்க்கிறோம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

சபையின் லெந்து கால (ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள்) நோட்டீஸில் "நாற்பது நாள் உபவாசியுங்கள், ஆசீர்வாதம் நிச்சயம்" என்றுதான் போட்டிருக்கிறது. அதனால் கேள்வி நியாயமானது. கிரியைகளினால் (செயல்களால்) அல்ல என்கிற எபேசியர் 2, கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு 2, பிரயாசப்படுங்கள் என்கிற பிலிப்பியர் 2 மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தால் பிள்ளைகள் இன்னும் குழம்புவார்கள். கையில் மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். எந்த வரிசையில் போகலாம், எங்கே வழுக்கும் என்று சொல்லுங்கள். உங்கள் சபை, எங்கள் சபை என்ற சண்டை மட்டும் வேண்டாம், புண்ணியமாப் போகும் :)

சிட்டாங் கரை:
தம்பி, முதலில் ஒன்றைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். "தேவன் பாதி, நாம் பாதி" என்ற கணக்கு. 90-க்கு 10 என்றாலும் அதே கணக்குதான். கிருபையையும் முயற்சியையும் ஒரே தராசில் வைத்து எது எவ்வளவு என்று கேட்டால் எந்த வசனமும் பொருந்தாது. கேட்க வேண்டியது, முயற்சி எந்த இடத்தில் வருகிறது என்பதே.

எபேசியர் 2:8, 9-ஐ மட்டும் மனப்பாடம் பண்ணவைப்பது நம் ஊர் ஓய்வுநாள் பள்ளிகளின் பழைய வழக்கம். பத்தாம் வசனத்தை விட்டுவிடுவார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. 8: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு. 9: கிரியைகளினால் அல்ல, ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு. 10: நற்கிரியைகளைச் செய்கிறதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம், அவற்றையும் தேவனே முன்னதாக ஆயத்தம்பண்ணியிருக்கிறார். கிரியை இல்லாமல் போகவில்லை. வாசலில் இருந்ததை எடுத்து வீட்டுக்குள்ளே வைத்திருக்கிறார் பவுல். மூன்று வசனத்தையும் சேர்த்தே படிக்க வையுங்கள்.

யாக்கோபின் நிருபத்தை விளக்க ஆபிரகாமின் வயதுக்கோடு ஒன்று போடுங்கள். முதல் வகுப்பில் பாதி நேரத்தை இதற்கே கொடுக்கலாம். பலகையில் நீளமாக ஒரு கோடு. அதன்மேல் இப்படி:

75 வயது: ஊரைவிட்டுப் புறப்படுகிறார் (ஆதியாகமம் 12:4).
அதற்குப் பின், 86-க்கு முன்: வானத்து நட்சத்திரங்களைக் காட்டி வாக்குத்தத்தம். விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது (15:6).
86: இஸ்மவேல் பிறப்பு (16:16).
99: விருத்தசேதனம் (17:24).
100: ஈசாக்கு பிறப்பு (21:5).
அதற்கும் பிறகு, ஈசாக்கு விறகுக்கட்டைச் சுமந்து மலையேறும் பருவத்தில்: மோரியாவில் அவனைப் பலியிட முன்வருகிறார் (22-ஆம் அதிகாரம்).

இப்போது ரோமர் 4-ஐயும் யாக்கோபு 2-ஐயும் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லி, "பவுல் எங்கே விரலை வைக்கிறார், யாக்கோபு எங்கே?" என்று கேளுங்கள். பவுல் 15:6-இல் வைக்கிறார். "விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா?" என்று அவரே ரோமர் 4:10-இல் கேட்கிறார். யாக்கோபு 22-இல் வைத்து, "அப்பொழுது 15:6 நிறைவேறிற்று" என்கிறார். நடுவில் பதினான்கு வருஷத்துக்கும் மேல். பவுல் கேட்பது, தேவன் ஒருவனை எதை வைத்து ஏற்றுக்கொள்கிறார் என்று. யாக்கோபு கேட்பது, பல வருஷம் கழித்து அந்த விசுவாசம் உயிரோடு இருக்கிறதா என்று. எதிரிகளும் வேறு. பவுலுக்கு எதிரே நிற்பவன் கூலி கேட்கிறவன். "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" (ரோமர் 4:4). யாக்கோபுக்கு எதிரே நிற்பவன், பசித்தவனிடம் "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புகிறவன்.

பிலிப்பியர் 2:12-13-ஐ ஒருபோதும் பிரிக்காதீர்கள். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்பதற்குக் காரணம் அடுத்த வசனத்தில் இருக்கிறது: விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவன். அதுவும் 1:1-இல் ஏற்கெனவே பரிசுத்தவான்கள் என்று அழைக்கப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம்.

கிழக்கு ஜன்னல்:
பாடத்தின் மற்றப் பாதியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "அவர்கள் காசு கொடுத்து மோட்சம் வாங்குகிறார்கள், நமக்கு இலவசம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது தப்பு. மறுநாளே பிள்ளைகள் வகுப்புத்தோழர்களிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

தேரவாதத்தில், அதாவது பர்மாவில் உள்ள பௌத்தப் பிரிவில், தானத்தின் பலன் கொடுக்கிறவனுடைய சேதனையைப் பொறுத்தது, அதாவது எந்த மனதோடு கொடுக்கிறான் என்பதை. குத்தோ நல்ல பிறவிக்கு வழி வைக்கும். நிப்பானத்தை (நிர்வாணத்தை) அதனால் மட்டும் எட்ட முடியாது. சீலம் (ஒழுக்கம்), சமாதி (மன ஒருமை), பஞ்ஞா (ஞானம்) வேண்டும் என்பார்கள். தானம் முடிந்து தண்ணீர் வார்த்து "அம்யா, அம்யா, அம்யா" (பங்கு) என்று மூன்று தரம் புண்ணியத்தைப் பகிர்வதையும், கேட்கிறவர்கள் "தாடு, தாடு, தாடு" (நன்று) என்பதையும் இந்தப் பிள்ளைகள் தெருவில் தினம் கேட்கிறார்கள். ஆகவே "அவர்கள் சுயநலத்துக்குச் சேர்க்கிறார்கள்" என்பதும் எடுபடாது.

வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. ஒருவனை இன்னொருவன் சுத்தப்படுத்த முடியாது, சுத்தமும் அசுத்தமும் அவரவரைச் சேர்ந்தது என்கிறது பௌத்த நூலான தம்மபதம் (165). "இயேசு கிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்" என்கிறது 1 யோவான் 1:7. இரண்டையும் மரியாதையோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட்டால் போதும். யார் சுத்தப்படுத்துகிறார் என்பதில்தான் பாதை பிரிகிறது.

இன்னொன்று. நம் பிள்ளைகளில் பலருக்கு இந்து உறவுக்காரர்கள் உண்டு. வைணவத்தில் இதே வழக்கு அறுநூறு எழுநூறு வருஷமாக நடக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்கிறது என்று வடகலை, பூனைக்குட்டியைத் தாயே கவ்விப் போகிறது என்று தென்கலை. இதை எடுத்துக்காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஆனால் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: இரண்டிலும் தாவுகிறவள் தாய்தான். குட்டி தானாக மரம் விட்டு மரம் போவதில்லை. அப்படிப் போகலாம், மனிதன் தன் முயற்சியாலேயே நீதிமானாகலாம் என்று சொன்னதாகத்தான் ஐந்தாம் நூற்றாண்டுப் போதகர் பெலாகியுவின் மேல் குற்றம் சாட்டினார்கள்.

பகோ மாதா பக்தன்:
கிழக்கு ஜன்னல் அக்கா பெலாகியுவை இழுத்துவிட்டதால் நானும் வருகிறேன். "கத்தோலிக்கர் கிரியையால் மீட்பு என்பார்கள்" என்று எந்தப் பாடப்புத்தகத்திலாவது இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள் தம்பி.

பெலாகியுவின் போதனையைக் கண்டித்தது 418-இல் ஆயர்கள் கூடிய கார்த்தேஜ் சங்கம். நம்பிக்கையின் தொடக்கமே அருளால்தான் (நீங்கள் கிருபை என்பது) என்று 529-இல் ஆரஞ்சு சங்கம் சொன்னது. திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13-ஆம் தேதி ஆறாம் அமர்வில் வெளியிட்ட முதல் விதியே, கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் தன் செயல்களாலேயே மனிதன் கடவுள்முன் நீதிமானாகலாம் என்பவனைச் சபிக்கிறது. அதே அமர்வின் எட்டாம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் நடக்கிற எதுவும், விசுவாசமோ செயலோ, அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்கிறது. இன்றைய கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் (பத்தி எண் 2010) தொடக்க அருளுக்கு யாரும் பேறுபலன் (கைம்மாறு பெறும் தகுதி) ஈட்ட முடியாது என்றே சொல்கிறது.

ஏட்டில் இருப்பது இது. நடைமுறையில் எங்கே கெடுகிறது என்று கேட்டால், நேர்ச்சையில். பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் போகிற கூட்டத்தில் நன்றி சொல்லப் போகிறவர்களும் உண்டு, பேரம் பேசப் போகிறவர்களும் உண்டு. "மகன் பத்தாம் வகுப்பு பாஸானால் மெழுகுதிரி, இல்லாவிட்டால் இல்லை" என்றால் அது ஒப்பந்தம். நடந்தே போவதில் ஒரு தப்பும் கிடையாது. நடந்த மைலுக்கு ரசீது எதிர்பார்ப்பதுதான் தப்பு.

பிள்ளைகளுக்குக் காட்ட ஓர் இடம்: ஒப்புரவு அருட்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) குரு முதலில் அபராதம், அதாவது பரிகாரமாகச் செய்யவேண்டியதைச் சொல்கிறார், உடனே பாவமன்னிப்பு கூறுகிறார். நீங்கள் வெளியே வந்து, முழங்கால் போட்டு, அந்த அபராதச் செபத்தைச் சொல்வது அதற்குப் பிறகு. மன்னிப்பு கைக்கு வந்தபிறகு செய்கிற செயல் மன்னிப்புக்கு விலையாக இருக்க முடியாது. உடைந்ததைச் சீராக்குகிற வேலை அது. திருச்சபை வழங்கும் பரிபூரண பலனும் அப்படித்தான். அது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சியிருக்கிற தற்காலிகத் தண்டனையை நீக்குவதைப் பற்றியது. பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், எந்தப் பாவத்தின்மேலும் பற்றில்லாத மனம் என்ற நிபந்தனைகளில் கடைசியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சிட்டாங் கரை:
அண்ணே, அந்த 2010-ஆம் பத்தியை முழுதும் சொல்லவேண்டும். தொடக்க அருளைச் சம்பாதிக்க முடியாது என்ற வரிக்குப் பின்னாலேயே, தூய ஆவியாலும் அன்பாலும் ஏவப்பட்டு, நித்திய வாழ்வை அடையத் தேவையான அருள்களுக்குப் பேறுபலன் ஈட்டலாம் என்று வருகிறதே. எங்கள் லூத்தரன்களுக்கு உறுத்துவது அந்த இரண்டாம் பாதி.

பகோ மாதா பக்தன்:
வருகிறது, மறைக்கவில்லை. நம் பேறுபலன்களே கடவுளின் கொடைகள் என்று அகுஸ்தினார் சொன்னதையும் அந்தப் பகுதியே சேர்த்துச் சொல்கிறது. உங்களுக்கு அது போதாது என்பது தெரியும். எங்கள் பெரியவர்கள் அதை விடவும் மாட்டார்கள். 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இதைத் தீர்க்கவில்லை. நம்முடைய தகுதி எதனாலும் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார், பரிசுத்த ஆவி நம்மை நற்கிரியைகளுக்குத் தகுதிப்படுத்துகிறார் என்பது வரைக்கும் ஒன்றாகச் சொன்னார்கள். பேறுபலனைப் பற்றியும், ஞானஸ்நானம் பெற்றவனுக்குள் மிஞ்சியிருப்பதைப் பாவம் என்று அழைப்பதா என்பதைப் பற்றியும் இரு தரப்பும் தங்கள் விளக்கத்தைத் தனித்தனியாக எழுதிவைத்தார்கள். மெதடிஸ்டுகள் 2006-இல் சேர்ந்தார்கள், சீர்திருத்த சபைகள் 2017-இல். எல்லா லூத்தரன் சபைகளும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

மோல்மேன் மெதடிஸ்டு:
13 வயதுப் பிள்ளைக்கு 1999 அறிக்கை வேண்டாம் ஐயா :) மூன்றாம் வகுப்புக்கு வருவோம். "அப்படியானால் நான் என்ன செய்யணும்?" என்று பிள்ளை கேட்கும்போது கையில் பதில் இருக்கவேண்டும்.

மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வரிசை எளிது. நாம் தேடுமுன்னே வருகிற கிருபை, நீதிமானாக்குகிற கிருபை, பரிசுத்தமாக்குகிற கிருபை. ஜெபம், வேதவாசிப்பு, திருவிருந்து, உபவாசம் எல்லாம் கிருபையின் வாய்க்கால்கள் என்பார். வாய்க்காலை வெட்டுவதால் மழை பெய்யாது, பெய்கிற மழை வயலுக்கு வந்து சேரும். தேவன் கிரியை செய்கிறார், ஆகவே நீ செய்ய முடியும். தேவன் கிரியை செய்கிறார், ஆகவே நீ செய்தே ஆகவேண்டும் என்பது பிலிப்பியர் 2-ஐப் பற்றி அவர் சொன்னதன் சாரம். 1743-இல் மெதடிஸ்டு சங்கங்களுக்கு அவர் எழுதிய பொது விதிகள் மூன்றே: தீமை செய்யாதே, நன்மை செய், தேவன் நியமித்தவைகளைக் கைக்கொள். இந்த மூன்றின்கீழ் பிள்ளைகளே பட்டியல் எழுதட்டும். இன்னொருவர் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதாதது முதலாவதில் வரும். நீங்கள் சொல்லாமலே அவர்கள் எழுதுவார்கள், பாருங்கள்.

உபவாசத்துக்கு நடைமுறைக் குறிப்பு:

1. வளரும் பிள்ளைகளை நாள்முழுதும் பட்டினி போடாதீர்கள். ஒரு வேளை உணவையோ, ஒரு பலகாரத்தையோ விடுவது போதும். கத்தோலிக்க ஒழுங்கிலேயே நோன்புக் கடமை 18 வயதுக்குப் பிறகுதான். அதுவும் ஒரு முழு உணவும் இரண்டு சிறு உணவும் உண்டு.
2. சர்க்கரை வியாதிக்காரர், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று நோட்டீஸிலேயே போடுங்கள். கூட்டத்தில் சொன்னால் வெட்கப்பட்டுச் சேர்ந்துகொள்வார்கள்.
3. விட்ட உணவின் காசை அன்றே அரிசியாக்கி யாருக்காவது கொடுங்கள். ஏசாயா 58:7 கேட்கிற உபவாசம் அது.
4. வருகைப் பட்டியல் வைக்காதீர்கள். "முழு நாற்பது நாளும் முடித்தவர்கள்" என்று கடைசி நாளில் பெயர் வாசித்துச் சால்வை போர்த்தினீர்களோ, மனுஷர் காணும்படி உபவாசிக்கிறவர்களுக்கு மத்தேயு 6:16 சொல்கிற பலனை அங்கேயே அடைந்துவிட்டார்கள்.

நாலாவதைத்தான் நம் சபைகள் விடவே மாட்டேன் என்கின்றன.

பழைய சங்கீதம்:
எல்லாம் சரி. கிருபை, கிருபை என்று மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தால் நாலாவது வாரம் ஒரு பிள்ளையும் வராது. செய்தாலும் செய்யாவிட்டாலும் இரட்சிப்பு உண்டு என்றால் ஏன் வரவேண்டும்? பயம் இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும். விழுந்துபோகிறவர்களை எச்சரிக்கிற எபிரெயர் 6-ஐயும் சொல்லிக்கொடுங்கள்.

சிட்டாங் கரை:
ஐயா, இந்தக் கேள்வியைப் பவுலிடமே கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6:1. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்போமா?" கேட்கிறவனுக்கு அப்படித் தோன்றாத பிரசங்கம் பவுல் பிரசங்கித்த கிருபையாக இருக்காது. ஆனால் அவர் பதிலுக்குப் பயமுறுத்தவில்லை. ஞானஸ்நானத்தைக் காட்டி, பாவத்துக்கு மரித்த நீ இனி எப்படி அதிலே பிழைப்பாய் என்கிறார்.

எங்கள் லூத்தரன் ஆட்களே இதில் இரண்டு பக்கமும் சறுக்கினார்கள். லூத்தர் 1546-இல் இறந்தபிறகு, நற்கிரியை இரட்சிப்புக்கு அவசியம் என்று கேயோர்க் மாயோர் எழுதினார். பொறுக்கமாட்டாமல் நிக்கோலாஸ் ஆம்ஸ்டோர்ஃப், நற்கிரியை இரட்சிப்புக்குக் கேடு என்றே எழுதிவிட்டார்! 1577-இன் இணக்க வாய்ப்பாடு (லூத்தரன் விசுவாச அறிக்கை) நாலாம் பிரிவில் இரண்டையும் தள்ளியது. கிரியையை நம்பி நிற்பதுதான் கேடு, கிரியை கேடல்ல. விசுவாசிக்குக் கிரியை அவசியம். ஆனால் அதற்கு இரட்சிப்பை விலையாகக் கட்டாதே. நீங்கள் சொல்கிற பயம் மாயோரின் பக்கம் போகும். மேடையில் "ஒன்றுமே செய்யவேண்டாம், உட்கார்ந்திரு" என்று முழங்குகிறவர்கள் ஆம்ஸ்டோர்ஃப் பக்கம்.

பயத்தால் வருகிற பிள்ளை பதினெட்டு வயதில் மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனதும் நின்றுவிடும். அங்கே பார்க்க ஆள் இல்லையே.

மோல்மேன் மெதடிஸ்டு:
எபிரெயர் 6 வேண்டுமென்றால் 9-ஆம் வசனம் வரைக்கும் வாசியுங்கள். "ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் விழுவானா?" என்று பிள்ளைகள் கேட்டால், விழமாட்டான் என்கிற, 1619-இல் முடிந்த டார்ட் சங்கம் ஒரு பக்கம், விழலாம் என்கிற வெஸ்லி மறுபக்கம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரத்தில் அது முடியாது.

இதற்கு நேர்மாறான வியாதியும் உண்டு. ஒவ்வொரு கன்வென்ஷனிலும் முன்னே போய் அர்ப்பணிப்பு அட்டையை மறுபடி மறுபடி நிரப்புகிற பிள்ளை. போன தரம் சரியாக ஜெபிக்கவில்லையோ என்ற பயம். அங்கே ஜெபமே கிரியையாகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அட்டை கொடுக்காதீர்கள், நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்கிற ரோமர் 5:8-ஐக் கொடுங்கள்.

தல்லா படகு:
ரொம்ப நன்றி. ஆபிரகாமின் கோடு முதல் வகுப்புக்கு. இரண்டாவதற்கு ஓர் உவமை தேடுகிறேன். பரிசேயனும் ஆயக்காரனும் (லூக்கா 18), அல்லது திராட்சத்தோட்டக் கூலியாட்கள் (மத்தேயு 20)? எது நல்லது?

கிழக்கு ஜன்னல்:
மத்தேயு 20. பரிசேயன் கதையில் பிள்ளைகள் முதல் வரியிலேயே கட்சி சேர்ந்துவிடுவார்கள். கூலியாட்கள் கதையில் அவர்களுக்கே கோபம் வரும், அது நல்லது.

எட்டாம் வசனத்தோடு புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி என்று மட்டும் சொல்லிவிட்டு, விடியற்காலை, மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி (விடிந்ததிலிருந்து எண்ணுகிற கணக்கு) என்று வேலைக்கு வந்த ஐந்து குழுவுக்கும் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். எல்லோரும் இறங்குவரிசையில்தான் எழுதுவார்கள். பிறகு மீதியை வாசிக்கவும்: எல்லோருக்கும் அதே ஒரு பணம்தான்.

அடுத்த கேள்வி: முணுமுணுத்தவர்கள் யார்? விடிகாலையில் வந்தவர்கள். கூலி பேசி உள்ளே போனவர்கள் அவர்கள் மட்டுமே (20:2). மூன்றாம் மணி ஆட்களிடம் "நியாயமானபடி உங்களுக்குக் கொடுப்பேன்" என்றுதான் சொன்னார் (20:4), தொகை பேசவில்லை. யாருடைய கூலியும் குறையவில்லை. ஒப்பந்தத்தோடு போனவனுக்குத்தான் பக்கத்தில் நிற்பவன் பெற்றது வலிக்கிறது. தோட்டத்துக்குள் எல்லோருமே வேலை செய்தார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். பதினோராம் மணி ஆளும் சந்தைவெளியில் உட்கார்ந்தபடி பணம் வாங்கவில்லை.

பழைய சங்கீதம்:
இந்த உவமை நல்லது, ஒத்துக்கொள்கிறேன். பயம் வேண்டும் என்பதை மட்டும் நான் விடவில்லை. பிலிப்பியர் 2:12-இல் "பயத்தோடும் நடுக்கத்தோடும்" என்றுதானே இருக்கிறது.

சிட்டாங் கரை:
இருக்கிறது ஐயா. 13-ஐப் பக்கத்தில் வைத்து அந்தப் பயத்தையும் சொல்லிக்கொடுங்கள். உள்ளே வேலை செய்கிறவர் தேவன் என்றால் நடுக்கம் வரத்தான் செய்யும். பிரம்புக்குப் பயப்படுகிற பயம் வேறு.

தல்லா படகு:
நோட்டீஸை மாற்றிப் போதகரிடம் காட்டலாம் என்று இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:

"லெந்து கால உபவாச ஜெபம். கிறிஸ்து நமக்காகப் பாடுபட்டதை நன்றியோடு தியானிக்கவும், விட்ட உணவை இல்லாதவர்களோடு பகிரவும் கூடுகிறோம். உடல்நிலை அனுமதிக்கிறவர்கள் ஒரு வேளை உபவாசிக்கலாம். மருந்து எடுப்பவர்களும் சிறுபிள்ளைகளும் ஜெபத்தில் மட்டும் கலந்துகொள்ளலாம். நாற்பது நாளும் வருகிறவர்களுக்கு விசேஷ ஆசீர்வாத ஜெபம் உண்டு."

மோல்மேன் மெதடிஸ்டு:
கடைசி வரியில் பழைய நோட்டீஸ் திரும்ப வந்துவிட்டது தம்பி. எடுத்துவிட்டு, "முதல் நாள் வந்தாலும் கடைசி நாள் வந்தாலும் எல்லோருக்காகவும் ஜெபிக்கப்படும்" என்று போடுங்கள். மற்றபடி நன்றாக இருக்கிறது. காலையா மாலையா என்று நேரம் போடவில்லையே?